ரோட்டோர சமாதானம்

“ஏண்டா, ரோட்டப் பாத்து வரத் தெரியாதா?”

கார் அடித்து விழுந்து கிடந்த என் காதில் முதலில் விழுந்த வார்த்தை இதுதான். 2024 ஐப்பசி, தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலை. வேலை முடிந்து பஸ்ஸை விட்டிறங்கி, சாலையின் மண் ஓரமாகக் காலனிக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஊர் நிறுத்தத்தில்தான் நிற்கும். காலனிக்கு அங்கிருந்து அரை மைல். காலனிக்கும் ஒரு நிறுத்தம் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்தே என் அப்பா தலைமுறை ஓய்ந்துபோனது. கார் பின்னாலிருந்து வந்தது. பார்த்து வருவதென்றால் முதுகில் கண் வேண்டும்.

இரண்டாவது வார்த்தை, “எந்த ஊரு?” சொன்னேன். மூன்றாவது, “ஊரா, காலனியா?” காலனி என்றேன். அந்தப் பதிலைக் கேட்டதும் காரை ஓட்டி வந்தவரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அந்த வலியிலும் பார்த்தேன். இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து என் சட்டைப் பையில் செருகினார். அதற்குள் சிதறிக் கிடந்த என் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்த ஒருவர், செல்போன் வெளிச்சத்தில் அதை உரக்கப் படித்தார். “சார் பேங்க்ல கீறீங்களா? மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?”

‘டா’விலிருந்து ‘சார்’ வரைக்கும் வந்துசேர ஒரு பிளாஸ்டிக் அட்டை தேவைப்பட்டது. என் இடது கால் எலும்பு இரண்டு நேரத்திலும் ஒரே மாதிரிதான் உடைந்திருந்தது.

தோழர்களே, விபத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எதற்கு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். வெட்டினால் சாதி, கொளுத்தினால் சாதி, கார் ஏற்றினால் மட்டும் விதி என்றுதான் நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். சக்கரம் சாதி பார்ப்பதில்லை, சரி. யார் நடக்கிறார்கள், யார் ஓட்டுகிறார்கள், அடிபட்டவனை யார் தூக்குகிறார்கள், காவல் நிலையத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதிலெல்லாம் சாதி இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். இது அரசாங்கக் கணக்கு. வயது, பால், வாகனம், சாலை வகை எல்லாவற்றுக்கும் அதில் அட்டவணை உண்டு. சாதிக்கு மட்டும் இல்லை.

நடப்பது நமக்கு லேசாகக் கிடைத்த காரியமா? பொதுச்சாலையில் யாரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லி அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவிலும் எழுத வேண்டியிருந்தது. இப்படி வாங்கிய சாலையை நான்கு வழியாக்கும்போது காலனியை ஒரு பக்கத்திலும், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாவற்றையும் மறுபக்கத்திலும் வைத்துக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். நடைபாதையும் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் பிணம் இன்னமும் லாரிகளுக்கு வழிவிட்டுத்தான் சுடுகாட்டுக்குப் போகிறது.

என் பெரியப்பாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1998-இல் அறுப்புக்குப் போய்விட்டு இருட்டில் நடந்து வந்தவரை அம்பாசடர் கார் ஒன்று இடித்தது. கார் யாருடையது என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. அவர் யார் நிலத்தில் அறுத்துவிட்டு வந்தாரோ அந்த வீட்டுக் கார்தான். மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். “நடந்தது நடந்துபோச்சி. கேசு, கோர்ட்டுன்னு அலைய முடியுமா ஒன்னால?” ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். புத்தூர் கட்டுப் போட அவர்களே வண்டி வைத்து அனுப்பினார்கள். அந்த வண்டியைப் பற்றிப் பெரியம்மா இன்றும் நன்றியோடு பேசுகிறாள். எலும்பு கோணலாகக் கூடியது. ஏர் ஓட்டியவர் மாடு மேய்க்கப் போனார், பிறகு அதுவும் முடியாமல் திண்ணைக்கு வந்தார்.

புத்தூர் கட்டை நான் குறை சொல்லவில்லை. அது எலும்பைச் சேர்க்கும், காகிதம் மட்டும் தராது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி விழுந்திருக்கும். எக்ஸ்ரே இருந்திருக்கும். நிரந்தர ஊனம் என்றால் யார் தப்பு என்று நிரூபிக்காமலே 25,000 ரூபாய் தர வேண்டும் என்று அன்றைய சட்டத்தின் 140ஆம் பிரிவு சொன்னது. மேற்கொண்டு வழக்குப் போடவும் அப்போது காலக்கெடு கிடையாது. 1994-லேயே அதை எடுத்துவிட்டிருந்தார்கள். நான் வங்கிக்குள் நுழைந்து இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டபோதுகூட சட்டப்படி நேரம் இருந்தது. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எந்தத் தேதி என்றுகூடப் பெரியப்பாவுக்கு நினைவில்லை. “அறுப்புக் காலம்” என்கிறார்.

இப்போது காலக்கெடு திரும்ப வந்துவிட்டது. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும் என்கிறது திருத்தச் சட்டம். காலனியில் பட்டதாரிகள் எழும்பி வரும் நேரம் பார்த்துக் கதவைப் பாதி சாத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தற்செயல்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எதுவானாலும் அந்த 6 மாதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

அடிபட்ட அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்? எனக்கு அது பாதி தெரிந்திருந்தது, பாதியை அடிபட்டுத்தான் கற்றேன். முதலில் வண்டி எண். எனக்கு நினைவு தெளிவாக இருந்ததால் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன், யாரோ பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் நம் பிள்ளைகள் இருந்தால் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். இடித்தவன் காரில் ஏறிப் போனால் அவன் தனக்கு வேண்டிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவான். அங்கே “தடுக்கி விழுந்துட்டார்” என்று அவனே எழுதச் சொல்வான். எழுந்து நிற்க முடிகிறதே என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். தலையில் அடிபட்டு, நன்றாகப் பேசிவிட்டுத் தூங்கப்போய்ச் செத்தவர்கள் உண்டு.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி “எப்படி அடிபட்டது?” என்பது. பதிலை வலியோடு வலியாக முனகிவிடக் கூடாது. கார் இடித்தது, இந்த எண், இந்த இடம், இந்த நேரம். ஏ.ஆர். காப்பியில் ஏறும் அந்த இரண்டு வரிதான் கடைசிவரை கூட வரும். அங்கே ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்று விழுந்து, ஒரு மாதம் கழித்து நீங்கள் எண்ணைச் சொன்னால், இன்சூரன்ஸ் வக்கீல் உங்களைப் பொய்யன் ஆக்கிவிடுவார். கையில் காசில்லை என்று பயப்படவும் வேண்டாம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இருக்கிறது. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டம் 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரைக்கும் செலவை ஏற்கிறது. ஆள் இறந்துவிட்டால், மனதைக் கல்லாக்கிக்கொண்டு இதைச் சொல்கிறேன், பிரேதப் பரிசோதனை இல்லாமல் புதைக்கவோ எரிக்கவோ விடாதீர்கள். “அறுக்காம குடுங்கய்யா” என்று நம் பெண்கள் கும்பிட்டு அழும்போது, சரி என்று தலையாட்டக் காத்திருப்பவர்கள் பலர்.

காவல் நிலையம் தனிக் கதை. நான் போனபோது (போனது என் தம்பி, நான் கட்டிலில்) மனு ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, “பேசி முடிச்சிக்கோங்க” என்றார்கள். மனு ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட். எங்களுக்கு மூன்றாம் நாள் போட்டார்கள். போட்ட எஃப்.ஐ.ஆரில், நான் ‘கவனக்குறைவாகச் சாலையைக் கடக்க முயன்றபோது’ என்று ஒரு வரி. நான் சாலையைக் கடக்கவே இல்லை. நாலு வார்த்தைதான், இழப்பீட்டில் பாதியைத் தின்னும் நாலு வார்த்தை. எழுதிக் கொடுத்த புகாரின் நகல் தம்பியிடம் இருந்ததால் அதை வைத்து மறுப்பு எழுதினோம். கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சாதிப் பெயரைச் சொல்லி நாலு பேர் முன்னால் ஏசினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனியாகப் புகார் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். என்னை ‘காலனியா’ என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் நான் அதை எழுதவில்லை. சில தோழர்கள் வருத்தப்பட்டார்கள். நடக்காத ஒன்றை ஒரு வரி சேர்த்தால், நடந்த அத்தனையும் அதோடு போய்விடும்.

எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் ஆட்கள் வந்தார்கள். 26 வருஷத்தில் வேட்டி பேண்ட் ஆகியிருந்தது, பேச்சு அதேதான். தொகை இருபதாயிரம். “உயிரு தப்புச்சே, அது போதும்” என்று அம்மாவே அவர்கள் பக்கம் பேசினாள். இதில் நம் மக்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. காருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைக் கட்டப்போவது கம்பெனி. இடித்தவன் மடியிலிருந்து போவது ஒன்றுமில்லை. வழக்கு, லைசென்ஸ், அலைச்சல் இவற்றிலிருந்து தான் தப்பிக்க அவன் தரும் கூலியைத்தான் நாம் இழப்பீடு என்று வாங்கிக்கொள்கிறோம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். யார் தப்பு என்று பார்க்காமலே 164ஆம் பிரிவில் இன்று 2.5 லட்சம், சாவுக்கு 5 லட்சம். இடித்துவிட்டு ஓடி, வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் 50,000, சாவுக்கு 2 லட்சம் உண்டு. அதற்குக் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தாலும் வழக்குப் போட்டிருப்பாரா? மாட்டார். அடுத்த அறுப்புக்கு அந்த வீடுதான் கூப்பிட வேண்டும். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அதனால் ‘முடியாது’ என்று சொல்ல முடிந்தது. இதை மறைத்துவிட்டு ‘வழக்குப் போடுங்கள்’ என்று கூலிக்காரரிடம் சொல்வது படித்தவனின் திமிர். அவர் முடியாது என்று சொன்ன மறுநாள் அவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு என்பதற்கும் இயக்கம் பதில் வைத்திருக்க வேண்டும்.

தீர்ப்பாயத்தின் கணக்கைப் பார்ப்போம், அது என் தொழில். மாத வருமானம், 12, வயதுக்கு ஒரு பெருக்கு எண், அதில் எத்தனை சதம் உழைக்கும் திறன் போனது. 2009-இல் உச்சநீதிமன்றம் ஒழுங்குபடுத்திய முறை. 42 வயதுக்குப் பெருக்கு எண் 14. நாற்று நடும் ஒரு பெண்ணுக்கு மாதம் 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் காலைப் பார்த்து 20 சதம் ஊனம் என்று எழுதினால் 3,02,400 ரூபாய். ஆனால் குனியவும் சேற்றில் நிற்கவும் முடியாத காலை வைத்துக்கொண்டு அவள் எந்த வயலில் 80 சதம் நடுவாள்? காலில் எவ்வளவு போனது என்பதைவிடப் பிழைப்பில் எவ்வளவு போனது என்று பார் என்று 2010-இலேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் 15,12,000. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் இருப்பது, அவள் என்ன வேலை செய்தாள் என்பதை எடுத்துச் சொல்லும் சாட்சி மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் எனக்கு அதே எலும்பு உடைந்து பிழைப்பில் ஒன்றும் போகவில்லை. என்னிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. அவளிடம் சீட்டும் இல்லை, வயலும் இல்லை. 2008-இல் அடிபட்ட ஒரு காய்கறி வியாபாரிக்கு, சான்று இல்லாவிட்டாலும் மாதம் 6,500 என்று உச்சநீதிமன்றம் ஏற்ற தீர்ப்பு 2014-இல் வந்தது. நூறுநாள் வேலை அட்டை, உடன் வேலை செய்தவரின் சாட்சியம், எதையும் தூக்கி எறியாதீர்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்பதால்தான் ஆஸ்பத்திரி வாசல் தரகர்கள் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்குகிறார்கள். பட்டியல் சாதியாரும் பழங்குடியினரும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் என்று 1987 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. வட்ட சட்டப்பணிகள் குழுவில் சாதிச் சான்றிதழோடு போய் நின்றால் போதும். சலுகையைக் காட்டி நம்மை ஏசுகிறவர்கள்கூட இதைச் சொல்லி ஏசுவதில்லை, அவ்வளவுக்கு யாருக்கும் தெரியாமல் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில், தீர்ப்பாயம் வைப்புநிதியில் போடச் சொன்ன இழப்பீட்டின் வட்டியை வாங்க ஒரு அம்மா வருவார். புருஷனை லாரி அடித்திருந்தது. தரகர்கள் பிடுங்காமலிருக்க நீதிமன்றம் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். முதிர்வுக்கு முன்னால் எடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவர் மூன்று மாதம் வந்து வந்து போனார். அந்த அனுமதிக்கு ஒரு மனுப் போட்டால் போதும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, முதல் இரண்டு மாதம் கவுன்டருக்குள் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை. வரிசை நீளமாக இருந்தது என்பது என் சமாதானம்.

என் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கோப்பைப் பார்த்த பெரியப்பா, “ஒரு காலுக்கு இவ்ளோ காயிதமாடா?” என்றார். அடுத்த வாய்தாவுக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கோர்ட்டை அவர் பார்த்ததில்லை. ஊர் நிறுத்தம் வரைக்கும் அந்த அரை மைலை அவர் எப்படி நடப்பார் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.