காவல்காரன் மாறினான், வீட்டுக்காரருக்குத் தெரியாது!

காலையில் எழுந்து வீட்டுக்காரர் வாசலுக்கு வருகிறார். நேற்று வரை காவலுக்கு நின்றவனைக் காணோம். வேறு ஒருவன் நிற்கிறான்.

"நீ யார்?" என்று கேட்கிறார்.

"பழைய ஆள் போய்விட்டான். இனிமேல் நான்தான் காவல்" என்கிறான் அவன். வாசல் சாவி, பெட்டிச் சாவி எல்லாம் அவன் இடுப்பில் தொங்குகின்றன!

இப்படி ஒரு சம்பவம் 2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் நடந்தது. ஆனால் நடந்த இடம் வீட்டு வாசல் அல்ல, வீட்டுக் கம்ப்யூட்டர்!

தடை உத்தரவு

காஸ்பர்ஸ்கி என்பது ரஷியக் கம்பெனி. தலைமை நிலையம் மாஸ்கோவில் இருக்கிறது. 1997-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகாமல் தடுக்கும் மென்பொருளை விற்பது இதன் தொழில். அமெரிக்காவிலும் ஏராளமானவர்கள் இதைப் பணம் கொடுத்து வாங்கி வைத்திருந்தார்கள்.

2024 ஜூன் 20-ந் தேதி அமெரிக்க வர்த்தக இலாகா தடை உத்தரவு போட்டது. ஜூலை 20-ந் தேதி முதல் இந்த மென்பொருளைப் புதிதாக யாருக்கும் விற்கக்கூடாது. முன்பே வாங்கியவர்களுக்குச் செப்டம்பர் 29-ந் தேதிக்குப் பிறகு புதுப்பிப்புகளை அனுப்பக்கூடாது.

ரஷிய அரசாங்கம் இந்தக் கம்பெனியை நெருக்கி, அமெரிக்கர்களின் தகவல்களைப் பெற்றுவிடக்கூடும் என்பது அமெரிக்க சர்க்காரின் வாதம். கம்பெனி இதை மறுத்தது. மென்பொருளைச் சோதித்துப் பார்த்துச் செய்த முடிவு அல்ல இது. அரசியல் காரணமே என்று சொன்னது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருளை வாங்கி வைத்திருந்தவர்களுக்குத் தண்டனை எதுவும் கிடையாது. விருப்பமிருந்தால் அதைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம்; வரும் ஆபத்து அவர்களைச் சேரும் என்றுதான் சர்க்கார் சொன்னது. வைப்பதா, எடுப்பதா என்று முடிவு செய்யும் உரிமை வீட்டுக்காரர் கையிலேயே இருந்தது.

ஒரே நாளில் மாற்றம்

கம்பெனி அமெரிக்காவில் கடையைக் கட்டியது. அதன் வாடிக்கையாளர்கள் சுமார் 10 லட்சம் பேர், அல்ட்ரா ஏ.வி. என்ற வேறொரு வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு மாற்றப்பட்டார்கள். அது அமெரிக்காவைச் சேர்ந்த பாங்கோ குழுமத்தின் மென்பொருள்.

பாதுகாப்பு தொடர்ந்து கிடைக்கும் என்று வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் வந்தது. செப்டம்பர் மாதம் மூன்றாவது வாரத்தில் விண்டோஸ் கம்ப்யூட்டரைத் திறந்த பலர் திடுக்கிட்டார்கள். பழைய மென்பொருள் தானாகவே நீங்கியிருந்தது. அந்த இடத்தில் கேள்விப்படாத பெயருடன் புதியது உட்கார்ந்திருந்தது! வைரஸ்தான் புகுந்துவிட்டது என்று பயந்தவர்களும் உண்டு.

சிலர் புதியதை நீக்கினார்கள். கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தால், மறுபடியும் வந்து நின்றது.

கம்பெனி தன் பக்க நியாயத்தைச் சொன்னது. இடையில் ஒரு நாள்கூடப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடக்கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்ததாக விளக்கம் கொடுத்தது.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. புதுப்பிப்பு நின்றுபோன வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குப் புதிய திருடர்களை அடையாளம் தெரியாது. கம்ப்யூட்டர் விஷயம் அதிகம் அறியாத முதியவர்கள் அதையே நம்பி மோசம் போயிருக்கலாம். ஆனால் கடிதம் போடுவது வேறு. சம்மதம் கேட்பது வேறு. "மாற்றட்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இத்தனை கலவரம் ஏற்பட்டிருக்காது.

சாவி முழுவதும் அதன் கையில்

கடிதம் எழுதும் மென்பொருள் கம்ப்யூட்டரின் ஓர் அறையில் இருந்துகொண்டு வேலை செய்கிறது. வைரஸ் தடுப்பு மென்பொருள் அப்படி அல்ல. எல்லா அறைகளையும் சோதிக்க அதற்கு அனுமதி வேண்டும். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே அதுவும் விழிக்கிறது. எந்தக் கோப்பையும் திறக்கலாம், தடுக்கலாம், அழிக்கலாம்.

இவ்வளவு ஆழத்தில் இருப்பது தவறிவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே 2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு புதுப்பிப்பில் பிழை இருந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. அவை பெரும்பாலும் அலுவலகக் கம்ப்யூட்டர்கள். விமானங்கள் ரத்தாயின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! பிழையான அந்த ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் உட்கார்ந்துதான் அழிக்க முடிந்தது.

பாட்டுத் தட்டில் வந்த வினை

கேட்காமல் குடியேறும் மென்பொருள் புதிய கதை அல்ல. 2005-ம் ஆண்டு சோனி பி.எம்.ஜி. கம்பெனி விற்ற சில பாட்டுத் தட்டுகளைக் கம்ப்யூட்டரில் போட்டவர்களுக்கும் இதே அனுபவம் ஏற்பட்டது. பாட்டைப் பலமுறை நகல் எடுக்காமல் தடுக்க, ஒரு மென்பொருள் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அந்த ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி இதை அம்பலப்படுத்தினார்.

அதைக் கையால் பிடுங்கினால் தட்டு போடும் பெட்டியே வேலை செய்யாது. கம்பெனி முதலில் கொடுத்த நீக்கும் கருவியோ, திருடன் புகப் புதிய ஓட்டை ஒன்றைத் திறந்துவிட்டது! கண்டனம் எழுந்தது, வழக்குகள் வந்தன. கம்பெனி தட்டுகளைத் திரும்பப் பெற்றது.

2007-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனுடன் உடன்பாடு ஏற்பட்டது. சம்மதம் பெறாமல் மென்பொருளை ஏற்றக்கூடாது. ஏற்றியதை நீக்கச் சரியான வழியும் கொடுக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை விதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு 17 ஆண்டுகள் கழித்தும் அதே கேள்வி எழுந்திருக்கிறது.

நீக்குவது எப்படி?

தொல்லை தரும் மென்பொருளை நீக்க நினைப்பவர்கள், முதலில் முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும்.

பிறகு விண்டோஸில் 'செட்டிங்ஸ்' திறந்து, 'ஆப்ஸ்' பகுதிக்குப் போக வேண்டும். பட்டியலில் அந்த மென்பொருளைத் தேடி, 'அன்இன்ஸ்டால்' கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்து பார்க்க வேண்டும். மேஜையில் தெரியும் சின்னத்தை மட்டும் அழித்தால் பயன் இல்லை. அது பெயர்ப் பலகையைக் கழற்றுவதுபோலத்தான். ஆள் உள்ளேயே இருப்பான்.

நீக்கியும் திரும்பி வந்தால், அதன் துணை மென்பொருள் ஏதாவது பதுங்கியிருக்கலாம். பட்டியலில் அதே கம்பெனி பெயரில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, அதையும் நீக்க வேண்டும். வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்கும் பல கம்பெனிகள் முழுவதும் துடைத்தெடுக்கத் தனிக் கருவி தருகின்றன. அதை அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டுமே எடுக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால், 'சேப் மோட்' என்ற பாதுகாப்பு நிலையில் கம்ப்யூட்டரைத் திறந்து நீக்கிப் பார்க்கலாம்.

காவல் இல்லாமல் போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். மற்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் இல்லாதபோது, விண்டோஸோடு சேர்ந்தே வரும் 'டிபெண்டர்' தானாக வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை: "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று திரையில் வந்தால் நம்பக்கூடாது. உதவி செய்கிறேன் என்று போனில் பேசும் முன்பின் தெரியாதவரிடம் கம்ப்யூட்டரை ஒப்படைக்கவே கூடாது.

யாருடைய வீடு?

ரஷியக் காவல்காரன் நல்லவனா, அமெரிக்கக் காவல்காரன் நல்லவனா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவனிடம் நம்பிக் கொடுத்த சாவியை, அவன் இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டுப் போகலாமா?

மென்பொருளை ஏற்றும்போது 'சம்மதம்' என்ற பொத்தானைப் பலர் படிக்காமலே அழுத்திவிடுகிறார்கள். சாவி கைமாறுவது அங்கேதான் தொடங்குகிறது. எதை உள்ளே விடுகிறோம், வேண்டாம் என்றால் எப்படி வெளியே அனுப்புவது என்ற இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே பொத்தானை அழுத்த வேண்டும்.

காவலுக்கு ஆள் வைப்பது நல்லதுதான். ஆனால் யாரை வைப்பது, எப்போது அனுப்புவது என்பதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்.