வடவாற்றங்கரையில் புத்தகப் பைகள்



பள்ளி திறப்பதும் மேட்டூர் அணை திறப்பதும் எங்கள் காட்டுமன்னார்கோயில் பக்கம் அடுத்தடுத்து வருபவை. கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் புரண்டு வரும்; வீராணம் ஏரி 47.5 அடியை நோக்கி ஏறும். விவசாயிக்கு வயிறு குளிரும். என்னைப் போன்ற தாத்தாக்களுக்கோ, பேரன் வீடு திரும்பும்வரை வயிற்றில் புளியைக் கரைக்கும்.

போன மாதம் மதகுச் சுவரில் நான்கு புத்தகப் பைகள். கீழே நான்கு பொடியன்கள், முழங்கால் தண்ணீரில். அதட்டினேன், ஓடிவிட்டார்கள். (அந்த வயதில் நானும் அங்கேதான் கிடந்தேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.)

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-இல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளைகள் இப்போது பசியோடு வகுப்பில் உட்காருவதில்லை. மெத்த நல்லது. ஆனால் பள்ளி விட்டபின் வீடு வரையிலான அந்த அரை மணி நேரம் யார் பொறுப்பு? கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் பள்ளித் தீயில் போனபிறகுதான் கூரைக் கொட்டகைகளைப் பற்றி யோசித்தோம். தண்ணீர் விஷயத்திலும் அப்படிக் காத்திருக்க வேண்டாம்.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. ஏரியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நாம் கற்றுத்தரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுத வேண்டும். நீர்வளத் துறையினர் பிள்ளைகள் நடக்கும் வழியிலுள்ள மதகுகளுக்கும் படித்துறைகளுக்குமாவது கம்பித் தடுப்பு போடட்டும். கூடவே, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுதும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில் எழுதுங்கள்.

– ஒரு வாசகர், காட்டுமன்னார்கோயில்