மெழுகுக் கறையும் வீண்விரயமும்

கரிசல் பூமியான நம் கயத்தாற்றில் ஒரு குடம் நீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும், காரின் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையில் வெள்ளையாகப் படிந்த பாலிஷ் மெழுகைப் போக்க வாளி வாளியாக ஊற்றுகிறோம். மெழுகு நீரை விலக்கும் தன்மையது. பிளாஸ்டிக்கின் சொரசொரப்பில் அது காய்ந்துவிட்டால் வெறும் நீருக்கு அசையாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் (அருந்தும் மது அன்று, ஐயம் வேண்டா) சம அளவு நீரில் கலந்து, மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்த்து, பழைய பல் பிரஷால் மெல்லத் தேய்த்து ஈரத்துணியால் துடைத்தால் போதும். தின்னர் பிளாஸ்டிக்கையே கெடுத்துவிடும்.

இரு கைகள் கொள்ளும் ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அவர்களின் உம்மத்தினர் ஒரு பட்டைக் கறைக்காக நான்கு வாளி நீரைத் தெருவில் ஓடவிடுவதை இஸ்ராஃப் என்றே நாம் கருதுகிறோம்.