நம்ம பையன் ராணுவத்துக்குப் போகலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரங்களைக் கழுவிக்கிட்டு இருந்தோம். நம்ம இளைஞர் பிரிவுப் பையன் ஒருத்தன், எஸ்பிஎம் முடிச்சவன், பக்கத்துல வந்து, "அண்ணே, ஆர்மில சேரலாம்னு இருக்கேன்"னு மெதுவா சொன்னான். உடனே சுத்தி நின்னவங்க ஆளுக்கு ஒன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. "நமக்கு அங்க பிரமோஷன் கிடைக்காதுடா." "சாமி கும்பிட விடமாட்டாங்க." "மாட்டிறைச்சி போட்டா என்ன செய்வே?" அவன் அம்மா ஒன்னும் பேசல. பையன் குண்டானைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிட்டான்.

அன்னைக்கு நானும் வாயைத் திறக்கல. அந்த உறுத்தல்தான் இந்தப் பதிவு.

நம்ம ஆயுதப்படையில இந்தியர், சீனர் எண்ணிக்கை ரொம்பக் குறைவுன்னு நாடாளுமன்றத்துல பல வருஷமா பேசுறாங்க. ஏன்னு கேட்டா ஒரு பக்கம், "அவங்களுக்கு நாட்டுப்பற்று இல்ல"ன்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம், "கதவையே மூடி வெச்சிருக்காங்க"ன்னு நாம சொல்றோம். ரெண்டுமே பாதி உண்மைகூட இல்ல.

முதல்ல சட்டத்தைப் பார்ப்போம். அரச மலாய்ப் படைப்பிரிவு 1933-இல் போர்ட் டிக்சனில் 25 பேரோடு தொடங்கியது. அதில் மலாய்க்காரர் மட்டுமே சேரலாம். கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு அந்த ஒரு படைப்பிரிவுக்கு வெளிப்படையாகவே விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் கடற்படை, ஆகாயப்படை, ரேஞ்சர் படைப்பிரிவு, கவசப்படை, பொறியியல், மருத்துவம் இதற்கெல்லாம் அந்த விலக்கு இல்லை. அதே அரசியலமைப்பின் 136-ஆவது பிரிவு, ஒரே நிலையில் பணிபுரியும் கூட்டரசு ஊழியர்களை எந்த இனமானாலும் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டும் என்கிறது. ஆக, கதவு மூடல. ஆனா உள்ளே போறவங்க குறைஞ்சா, வழியே இல்லன்னுதான் வெளியே நிக்கிறவனுக்குத் தோணும்.

நம்மாளுக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு பெயர் சொல்றேன். கே. தனபாலசிங்கம். நம்ம நாட்டுக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் மலேசியர் ஒரு தமிழர். 1967-இல் பொறுப்பேற்றபோது அவருக்கு 31 வயசு. 1976 வரைக்கும் அவர்தான் தளபதி. அதுக்கும் முன்னாடி, 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில துப்பாக்கி தூக்கியவங்கள்ல நம்ம தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர்! அந்தப் படையில முன்னணியில நின்ன கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பன் பிறகு ம.இ.கா. தொடங்கியவர்களில் ஒருவராகவும் இருந்தார். வீரம் நமக்குப் புதுசு இல்ல.

அப்போ அரசாங்கம் என்ன செய்யணும்? சிலர் ஒதுக்கீடு கேக்குறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துல நம்ம பையனுக்கு மட்டும் அரை நிமிஷம் தள்ளுபடி கொடுத்தா, அவன் வாழ்நாள் முழுக்கத் தலைகுனிஞ்சு நிக்கணும். தகுதி எல்லாருக்கும் ஒன்னாவே இருக்கட்டும்.

ஆனா "தகுதி இருந்தா வரட்டும்"னு சொல்லிட்டு சும்மா உக்காந்திருக்கவும் கூடாது. ஒவ்வொரு வருஷமும் எந்த இனத்துல எத்தனை பேர் விண்ணப்பிச்சாங்க, எத்தனை பேர் தேர்வானாங்க, எத்தனை பேர் பதவி உயர்வு பெற்றாங்கன்னு தற்காப்பு அமைச்சு வெளியிடணும். கணக்கு தெரிஞ்சா வதந்தி அடங்கும். முஸ்லிம் வீரர்களுக்கு ககாட் என்ற சமயப் படைப்பிரிவே இருக்கு. நல்ல விஷயம். அதே அக்கறையோட இந்து, பௌத்த, கிறிஸ்துவ வீரர்களின் வழிபாடு, உணவு, தைப்பூச விடுப்பு எல்லாமே எழுத்துல விதியா இருக்கணும். அந்தந்த முகாம் அதிகாரியோட நல்ல மனசை நம்பி இருக்கக் கூடாது.

இது வெறும் இனப் பிரச்சினை இல்லீங்க. 2021 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல உக்காந்திருந்தவங்க எத்தனை பேர்! அந்த மாதிரி நேரத்துல ராணுவப் படகு வருது. தமிழ் மட்டுமே தெரிஞ்ச ஒரு பாட்டி இருட்டுல நடுங்கிக்கிட்டு நிக்கிறாங்க. படகுல இருந்து ஒரு குரல், "பாட்டி, பயப்படாதீங்க, கையைக் கொடுங்க"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? எல்லா மக்களும் உள்ள ஒரு ராணுவம் எதுக்குன்னு கேட்டா, என் பதில் அதுதான்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். கோவிச்சுக்காதீங்க. ராணுவத்துல எல்லாருக்கும் இடம் வேணும்னு கேக்குற நாம, ஆலயத்துல எப்படி இருக்கோம்? நிர்வாகத்துல அதே நாலு குடும்பம். பெண்கள் மடப்பள்ளி வரைக்கும். தேர் வடத்தை மட்டும் எல்லாரும் இழுக்கணும், முடிவெடுக்குற நாற்காலி சிலருக்குத்தான்னா, வெளியே போய் நியாயம் பேச நமக்கு வாய் எப்படி வரும்?

நம்மால செய்யக்கூடியது இது. தேவார வகுப்பு முடிஞ்சதும் மண்டபத்துல ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். விண்ணப்பம் நிரப்பத் தெரிஞ்சவங்க உதவுங்க. ஓய்வுபெற்ற ராணுவ வீரர்கள் நம்ம பக்தர்கள்லயே இருக்காங்க. அவங்களைப் பேசச் சொல்வோம். இனிப்பா மட்டும் இல்ல, கசப்பையும் சேர்த்தே சொல்லட்டும். பெண் பிள்ளைகளையும் கூப்பிடுங்க. அம்மாமார்கள் கேள்வி கேக்கட்டும். அதுக்கப்புறம் போறதா வேணாமான்னு பிள்ளைங்களே முடிவு செய்யட்டும்.

தம்பி, நீ இதைப் படிச்சா, அன்னைக்குப் பேசாம நின்னதுக்கு மன்னிச்சுடு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆலயத்துக்குப் பின்னாடி இருக்கிற திடலுக்கு வா. ஓட்டப் பயிற்சிக்கு அண்ணன் கைக்கடிகாரத்தோட நிக்கிறேன். நம்ம முருகன் தேவர்களோட சேனாபதிடா. அவன் பார்த்துக்குவான்.

இது என் சொந்தக் கருத்து, ஆலய நிர்வாகத்தின் கருத்து அல்ல. மாற்றுக் கருத்து இருந்தா மரியாதையா கீழே எழுதுங்க.

முருகா சரணம்.