கம்பெனியின் பிழையும் கூலிக்காரனின் பிழையும்

அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2022 பிப்ரவரி 24-ந் தேதி வழங்கிய ஒரு தீர்ப்பை, ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளிகளும் தூத்துக்குடி மில் தொழிலாளிகளும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வழக்காடிய இருவரும் முதலாளிகளே. யார் ஜெயித்தால் நமக்கென்ன என்று தள்ளிவிட வேண்டாம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து யூனிகலர்ஸ் கம்பெனி, துணியில் அச்சிடும் டிசைன்களை உண்டாக்கி விற்கிறது. அதன் டிசைனைக் காப்பியடித்துக் கோட்டும் பாவாடையும் விற்றதாக, ஸ்வீடன் நாட்டு எச் அண்ட் எம் கம்பெனி மீது அது வழக்குத் தொடர்ந்தது. காப்பியடித்தது உண்மையே என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். உடனே பிரதிவாதி வேறு ஆயுதத்தை எடுத்தார்: "உன் காப்புரிமைப் பதிவே தப்பு!" யூனிகலர்ஸ் 31 டிசைன்களை ஒரே மனுவில் பதிந்திருந்தது. எல்லாம் சேர்ந்தாற்போல் வெளியாகியிருந்தால்தான் அப்படிப் பதியலாம். ஆனால் சில டிசைன்கள் குறிப்பிட்ட வாடிக்கைக்காரருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. உள்நாட்டுச் சரக்குக்குப் பதிவு இல்லாமல் அங்கே வழக்கே போட முடியாது. பதிவு விழுந்தால் வழக்கும் விழும்.

6 நீதிபதிகள் ஒரு பக்கம், 3 பேர் மறுபக்கம். பெரும்பான்மையோர் சொன்னது என்ன? மனுவில் எழுதியது தப்பு என்று தெரிந்தே எழுதியிருந்தால்தான் பதிவு கெடும். சட்டம் தெரியாமல் செய்த பிழையும் மன்னிக்கத்தக்கதே என்றார்கள். சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்று ஏழைகளுக்கு ஓதப்படும் மந்திரம் கம்பெனி வாசலில் மௌனமாகிவிட்டது!

கம்ப்யூட்டர் மென்பொருளுக்கும் இதே சட்டம்தான். நிரலை எழுதியது ஊழியரா, வெளியாளா? பழைய நிரல் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது? முதலில் வெளியானது என்றைக்கு? இப்படிப் பதிவில் நேரும் தப்புகளைத் தோண்டியெடுத்தே பிரதிவாதிகளின் வக்கீல்கள் வழக்கைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் இன்னும் தாராளமானது. 1984-ல் திருத்தப்பட்டு, கம்ப்யூட்டர் நிரலும் அதற்குள் வந்தது. இங்கே பதிவு இல்லாமலே வழக்குப் போடலாம். பதிவு இருந்தால் 48-வது பிரிவின்படி முதல்நோக்கில் அதுவே சாட்சி. பேரிலோ விலாசத்திலோ பிழை இருந்தால் 49-வது பிரிவின்படி பதிவாளரே திருத்தலாம். பெரிய பிழை என்றால் ஹைகோர்ட் திருத்தும். (ராவும் பகலும் கண் விழித்து நிரல் எழுதிய சம்பளக்காரனுக்கு அதில் உரிமை கிடையாது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 17-வது பிரிவு அதை முதலாளிக்கே கொடுத்துவிடுகிறது. நெய்தவனுக்குத் துணி சொந்தமில்லை என்ற பழைய கதைதான்.)

கம்பெனிக்குக் காட்டிய இந்தத் தயவை நாம் குறை கூறவில்லை. அது நியாயமானதே. இதே நியாயம் நமக்கு எங்கே என்றுதான் கேட்கிறோம்.

மில்லில் சேரும்போது ஆபீஸ் குமாஸ்தா பேரை எழுதுகிறார். 'சண்முகவேல்' 'சண்முகம்' ஆகிறான். இருபது வருஷம் கழித்துப் பிராவிடண்டு பண்டு பணம் கேட்டால், ஆதாரில் ஒரு பேர், இங்கே ஒரு பேர் என்று மனு திரும்பி வருகிறது. அதைத் திருத்த நெடுங்காலம் முதலாளியின் கையெழுத்து வேண்டியிருந்தது. மில் மூடிக்கிடந்தால் கையெழுத்துக்கு எங்கே போவது? 2025 ஜனவரியில்தான், அதுவும் ஒரு பகுதித் தொழிலாளிகளுக்கு மட்டும், அந்த விதி தளர்ந்தது. நூறு நாள் வேலையிலும் 2024 ஜனவரி முதல் ஆதார் வழிச் சம்பளம் கட்டாயமாயிற்று. மண் சுமந்த பெண்ணின் கூலி ஒரு எழுத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது.

நிலத்தின் கதை இன்னும் பெரிது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். வேலையில் பேரும் சர்வே எண்ணும் மாறிப்போன பட்டாக்களால் இன்றைக்கும் ஜனங்கள் தாலுகா ஆபீசுக்கு அலைகிறார்கள். தப்பு எழுதியது சர்க்கார் பேனா; அலைவது உழவன் கால். தாமிரபரணிப் பாசனத்தில் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறவன் பேர், 1969-ம் வருஷத்துச் சட்டப்படியான குத்தகைப் பதிவேட்டில் ஏறாவிட்டால், வெளியேற்ற வழக்கு வரும் அன்று அவன் உழுததற்குச் சாட்சி தேட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளம் ஸ்ரீவைகுண்டத்தையே மூழ்கடித்தது. தகரப்பெட்டியில் இருந்த வரிரசீதையும் குத்தகைச் சீட்டையும் தண்ணீர் கொண்டுபோன வீடுகளில் சாட்சிக்கு எங்கே போவது?

தெரிந்து பொய் சொன்னான் என்று நிரூபிக்காத வரை, பதிவேட்டுப் பிழையைக் காட்டித் தொழிலாளியின் கூலியையோ, பண்டுப் பணத்தையோ, குத்தகை உரிமையையோ மறுக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். பிழையை எழுதிய ஆபீசே, கட்டணமில்லாமல், கெடு வைத்துத் திருத்த வேண்டும்.

சர்க்கார் தானாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளைச் சங்கமும் அங்கத்தினர்களின் ஆதார், பண்டுக் கணக்கு, பட்டா, குத்தகைப் பதிவு ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கட்டும். பட்டா, குத்தகைப் பிழைகளை வரும் ஜமாபந்தியில் தனித்தனியாகப் போய்க் கொடுக்காமல், ஊர் ஊராகத் திரண்டு போய்த் தாலுகா ஆபீசில் கொடுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.