கணக்குச் சீட்டையும் கிழிக்காதீர்கள்



1625ஆம் ஆண்டு. வேல்ஸ் நாட்டின் வடக்கே, கான்வி ஆற்றங்கரையில் உள்ள க்விடிர் மாளிகையிலிருந்து 72 வயதுப் பெரியவர் ஒருவர் கடிதம் எழுதுகிறார். மலைக்கு அந்தப் பக்கம் ட்ரைத் மௌர் என்றொரு கழிமுகம். ஓதம் ஏறினால் கடல், இறங்கினால் வெறும் மணல். குறுக்கே கரை போட்டுக் கடலை வெளியே நிறுத்திவிட்டால் எவ்வளவு நிலம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கடிதம் போனது ஹியூ மிடில்டனுக்கு. 1613இல் லண்டனுக்குப் புதுக் கால்வாய் வெட்டிக் குடிநீர் கொண்டுவந்து பேர் வாங்கியவர். அவரும் வட வேல்ஸ்காரர்தான்.

மிடில்டன் மரியாதையாகக் கையைக் கூப்பிவிட்டார். வயதாகிவிட்டது, சுரங்க வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது என்று பதில் வந்தது. இரண்டு வருடத்தில் பெரியவரும் காலமானார். அந்தக் கழிமுகத்துக்கு வில்லியம் மேடக்ஸ் என்பவர் கரை கட்டி முடித்தபோது வருடம் 1811. இன்று அந்தக் கரையின் மேல் குறுகிய பாதை ரயில் ஓடுகிறது.

கேட்ட கடிதமும் மறுத்த கடிதமும் பிழைத்துக் கிடந்ததால்தான், கரை எழுவதற்கு 186 வருடம் முன்பே ஒருவர் அந்தக் கனவைக் கண்டார் என்பது நமக்குத் தெரிகிறது.

அந்தப் பெரியவர் சர் ஜான் வின். பெரும் நிலக்கிழார். 1611இல் பேரனெட் பட்டம் பெற்றவர். பத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தக் குடும்பத்தின் கடிதங்களும் தாள்களும் 1515 முதல் 1690 வரை நீள்கின்றன. அவற்றின் விவரப் பட்டியலை அபெரிஸ்ட்வித் ஊரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 1926இல் தடித்த புத்தகமாக வெளியிட்டது. கடிதத்துக்குச் சில வரிச் சுருக்கம்தான். ஆனால் உட்கார்ந்து படித்தால் ஒரு நாவலைப் போல இழுத்துக்கொண்டு போகும்.

பிள்ளைகள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். ரிச்சர்ட் அரண்மனைச் சேவகத்துக்கு. 1623இல் இளவரசர் சார்லஸ் பெண் கேட்க ஸ்பெயினுக்குப் போனபோது, பின்னால் போன பரிவாரத்தில் அவரும் இருந்தார். மாரிஸ் வியாபாரத்துக்கு ஹாம்பர்க். வேறு சிலர் சட்டம் படிக்க லண்டன். பொதுமக்கள் பயன்படுத்தும்படி அரச தபால் திறக்கப்பட்டது 1635இல்தான். அதுவரை பாரம் சுமக்கும் கூலி வண்டிக்காரரையும், ஊருக்குப் போகிற உறவினரையும், நம்பிக்கையான வேலைக்காரரையும் நம்பித்தான் கடிதம் கிளம்பும். உறை கிடையாது. தாளையே மடித்து அரக்கு வைத்து, முதுகில் பெயர் எழுத வேண்டியதுதான். தேதியும் நம்மைக் குழப்பும். அங்கே அப்போது வருடம் பிறந்தது மார்ச் 25இல். ஆகவே 1614 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1615.

இந்தக் கடிதங்களை எந்தக் கட்டில் வைப்பது? சொந்த விஷயமா, தொழில் விஷயமா? பிரிக்கவே முடியாது. கால்நடை விற்ற பணம், குத்தகை, எல்லைத் தகராறு, கோர்ட்டுச் செலவு, லண்டனில் கையில் காசில்லாமல் நிற்கும் பிள்ளை, அரசவை வம்பு, பெண்ணுக்குப் பேசிய சீர், எல்லாம் ஒன்றாகவே வரும். தகப்பன் பாசத்தைக் கணக்கு கேட்டுக் காட்டினார். பிள்ளை மரியாதையைக் கணக்கு சொல்லிக் காட்டினான். 1614இல் மூத்த மகன் ஜான் இத்தாலியின் லூக்கா நகரில் இறந்துபோனான். பட்டத்துக்கும் சொத்துக்கும் அடுத்து நின்றவன். அந்தச் சாவு ஒரே சமயத்தில் வீட்டுத் துக்கம், சொத்துச் சிக்கல் இரண்டுமாக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு சண்டை. 1588இல் பைபிளை முழுமையாக வேல்ஷ் மொழியில் தந்தவர் வில்லியம் மார்கன். க்விடிர் பண்ணைக் குடியானவர் ஒருவரின் மகன். மார்கன் பிஷப்பான பிறகு, லான்ரூஸ்ட் தேவாலயத்தின் தசமபாக வருமானத்தைத் தனக்குக் குத்தகைக்குத் தரும்படி சர் ஜான் கேட்டார். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று மார்கன் மறுத்துவிட்டார். நாங்கள் ஆளாக்கிய பிள்ளை நன்றி மறக்கலாமா என்று அந்தப் பக்கம் கொதிப்பு. கோயில் சொத்தை எப்படி எடுத்துக் கொடுப்பது என்று இந்தப் பக்கம் உறுதி. 1603ஆம் வருடத்துக் கடிதங்களில் அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. மொழிக்கு உயிர் கொடுத்த ஒருவரின் குணத்தை ஒரு குத்தகைத் தகராறுதான் நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வேல்ஷ் புலவர்களை ஆதரித்த இந்தக் குடும்பம் கடிதம் எழுதியது பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இதில் ஒரு குறையும் உண்டு. கடிதப் பெட்டி பெரிய வீட்டுடையது; அதனால் பெரிய வீட்டின் குரல்தான் உரக்கக் கேட்கிறது. குத்தகை செலுத்தியவர்கள் சர் ஜானைப் பற்றி என்ன நினைத்தார்கள்? அதற்கு ஊர்க்கதை பதில் சொல்கிறது. பெட்ஸி-கோயட் பக்கத்தில் ஸ்வாலோ அருவி இருக்கிறது. செய்த கொடுமைகளுக்காகச் சர் ஜானின் ஆவி அந்த அருவியின் அடியில் அகப்பட்டு, தண்ணீரால் அடித்துக் கழுவப்படுகிறதாம். எழுதத் தெரியாதவர்கள் எழுதி வைத்த கடிதம் என்று அதைச் சொல்லலாம்.

க்விடிர் மாளிகையும் முழுசாகத் தப்பவில்லை. 1921இல் சாப்பாட்டு அறையின் மரப்பலகை வேலைப்பாடுகள் ஏலத்தில் போயின. வாங்கியவர் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட். பெட்டிகளாக அட்லாண்டிக்கைக் கடந்து, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகக் கிடங்கில் பல வருடம் கிடந்தன. மாளிகையை வாங்கிய ஒரு தம்பதி தேடிப் பிடித்து, 1990களில் திரும்பக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் எதற்குச் சிரித்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதைப் பலகை சொல்லாது. தாள்தான் சொல்லும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வீட்டை ஒழிக்கும்போது நம் கை செய்கிற காரியத்துக்காகத்தான். கல்யாணப் பத்திரிகையையும் பாசமாக எழுதிய இன்லேண்ட் லெட்டரையும் பத்திரப்படுத்துவோம். மளிகைக் கடன் சீட்டு, கைமாற்றுக் குறிப்பு, நெல் அளந்த நோட்டு, ‘பணம் கிடைத்தது’ என்று இரண்டே வரி எழுதிய கார்டு, இவை பழைய பேப்பர்காரருக்கு. வாழ்க்கை அதிகமாக ஒளிந்திருப்பது அவற்றில்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பரணில் ஏறும்போது, அந்தப் பழைய தாள் கட்டை அவிழ்த்து ஒருமுறை படியுங்கள். யார் யாருக்கு எழுதியது, எந்த வருடம், என்ன உறவு என்று தனித் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிடுங்கள். லேமினேட் மட்டும் செய்ய வேண்டாம். பிறகு பிரிக்கவே முடியாது. விவரம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்