சுகர் நார்மல் என்றால் இதயமும் நார்மலா?

“சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, நெஞ்சு வலியும் இல்லை. அப்புறம் ஹார்ட்டுக்கு என்ன வரப்போகுது?” சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடைபோகிறவர்களும், சேலையூர் லேப் வாசலில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. உயிரைப் பறிக்கும் தவறு.

நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம், தன் ஆற்றலில் பெரும்பங்கைக் கொழுப்பிலிருந்தும் மீதியைக் குளுக்கோஸ் முதலியவற்றிலிருந்தும் எடுக்கிறது. தேவைக்கேற்ப எரிபொருளை மாற்றிக்கொள்வதுதான் அதன் பலம். சர்க்கரை நோய் அந்தப் பலத்தைப் பறித்துவிடுகிறது. இன்சுலினுக்கு இதயத் தசை சரியாக இணங்குவதில்லை; ரத்தத்தில் குளுக்கோஸ் மிகுந்திருந்தும் செல்லுக்குள் போதிய அளவு போவதில்லை. கொழுப்பையே அதிகம் எரிக்க வேண்டியிருக்கிறது. அதே ஆற்றலுக்குக் கூடுதல் ஆக்சிஜன் செலவாகிறது. எரியாத கொழுப்பு தசையில் தேங்கிக் கேடு செய்கிறது. நாளடைவில் தசை விறைத்து, தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ள முடியாமல் திணறுகிறது. எக்கோவில் ‘பம்பிங் 60 சதவீதம்’ என்று இயல்பாக வந்தாலும் இந்தத் திணறல் உள்ளே இருக்கலாம்.

ரத்தக்குழாய் அடைப்பு இல்லாமலே சர்க்கரை நோயாளிகளின் இதயம் செயலிழப்பதை 1972லேயே ரூப்ளர் என்ற ஆய்வாளரின் குழுவினர் பதிவு செய்தார்கள். இதயச் செயலிழப்பு அபாயம் நீரிழிவுள்ள ஆண்களுக்கு இரு மடங்கு, பெண்களுக்கு ஐந்து மடங்கு என்று 1974இல் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு சொன்னது.

வலி இல்லை என்பதும் ஆறுதல் அல்ல. சர்க்கரையால் நரம்புகள் கெட்டுப்போனவருக்கு மாரடைப்பே வலிக்காமல் வரலாம். தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குகிறவர் “வயசாச்சு” என்கிறார். கால் வீங்கினால் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததைக் குறை சொல்கிறார். திடீரென்று வியர்த்தால் கேஸ் என்று சோடா குடிக்கிறார்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது வீண் என்று யாரும் சொல்லவில்லை; கண்ணையும் சிறுநீரகத்தையும் அது காக்கும். ஆனால் அந்த ஓர் எண் மட்டும் போதாது. சர்க்கரையை மிகக் கடுமையாகக் குறைத்துப் பார்த்த அக்கார்டு ஆய்வில் மரணங்கள் கூடியதால், 2008இல் அந்தச் சிகிச்சை முறையையே நிறுத்தினார்கள். இதய நோயும் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த 2015 ஆய்விலோ, சர்க்கரை சிறிதளவே குறைந்தும் இதயம், ரத்தக்குழாய் சார்ந்த மரணங்கள் 38 சதவீதம் குறைந்தன.

ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இத்தனை பேரையும் ‘ஃபாஸ்டிங் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டு அனுப்புவது அநியாயம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையோடு வீடு தேடி வரும் ஊழியர், “படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கால் வீங்குகிறதா?” என்றும் கேட்க வேண்டும். நோயாளியும் டாக்டரிடம் பிபி, கொலஸ்ட்ரால், சிறுநீரகம், இதயம் நான்கையும் பற்றிக் கேட்காமல் எழுந்து வரக்கூடாது.